கைமீறிப் போன குப்பைக் கிடங்கைக் கட்டுக்குள் கொண்டு வருவது எப்படி? நகராட்சி, பேரூராட்சிகளுக்கான முழு வழிகாட்டி

நம் ஊர்களில் எந்த நகராட்சியை எடுத்துக்கொண்டாலும் ஊர் எல்லையில் ஒரு குப்பை மேடு இருக்கும். முப்பது, நாற்பது வருஷமாகக் கொட்டியது. அடியில் விரிப்பு எதுவும் கிடையாது, சுற்றுச்சுவர் பாதியில் நிற்கும், காவலாளி பகலில் மட்டும் இருப்பார், நடுவில் எங்கேயோ எப்போதும் லேசாகப் புகைந்துகொண்டிருக்கும். யாரைக் கேட்டாலும் "பயோமைனிங் வரப்போகுது சார்" என்பார்கள், அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து அகற்றும் வேலை. வரட்டும், நல்லதுதான். ஆனால் திட்ட அறிக்கை, நிதி, டெண்டர், வழக்கு எல்லாம் தாண்டி அது வந்து முடிவதற்குள் இரண்டு மூன்று மழைக்காலமும் அதே அளவு கோடையும் போய்விடும். மேடு எரிவதும், சரிவதும், கிணற்றைக் கெடுப்பதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. சென்னைப் பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரல் 27 அன்று தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது அங்கே பயோமைனிங் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் மேட்டை அகற்றுவது கடைசியில் வருகிறது. முதலில் அதை அடக்குவது. அடக்குகிற வேலையில் பெரும்பகுதிக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை: வாடகைக்கு ஒரு ஜேசிபி, கையிருப்பில் மண், ராத்திரிக் காவலுக்கு இரண்டு பேர், தினமும் எழுதுகிற ஒரு பதிவேடு. சுகாதார ஆய்வாளர், நகராட்சிப் பொறியாளர், கவுன்சிலர், மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் யாராக இருந்தாலும் எதை முதலில் கேட்கலாம், செய்யலாம் என்பது இதிலிருந்து தெரியும்.

படி 1: என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பல கிடங்குகளின் எல்லையே யாருக்கும் சரியாகத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, சர்வேயரை வைத்து எல்லைக்கல் நடுங்கள். கிடங்கு இருக்கும் இடம் பழைய பதிவேட்டில் ஏரி, குட்டை, ஓடை, மேய்க்கால் என்று எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நீர்நிலையாக இருந்தால் குப்பையின் அடிப்பகுதி நிலத்தடி நீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும். வெளியே தெரிகிற உயரம் ஆறு மீட்டர் என்றால் உள்ளே இன்னும் இரண்டு மூன்று மீட்டர் இருக்கலாம்.

அடுத்தது அளவு. ஐந்து ஏக்கரில் சராசரி ஆறு மீட்டர் உயரம் என்றால் சுமார் 1,21,000 கன மீட்டர். பழைய குப்பை ஒரு கன மீட்டருக்கு 0.7 டன்னும் இருக்கும், 1 டன்னும் இருக்கும். அதாவது மொத்தம் 85,000 டன்னா, 1,20,000 டன்னா என்பது நீங்கள் எந்த எண்ணைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டன்னுக்கு 700 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், வித்தியாசம் மட்டுமே இரண்டரைக் கோடியை நெருங்கும். ஆகவே அடர்த்தியை அறிக்கையிலிருந்து நகல் எடுக்காதீர்கள். ஐந்தாறு இடத்தில் குழி தோண்டி, எடுத்ததை லாரியில் ஏற்றி எடை போட்டு, குழியின் கொள்ளளவால் வகுத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் சர்வே நல்லதுதான், ஆனால் அது மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும்.

குழி தோண்டும்போது உள்ளே ஈரமா, காய்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, என்ன வாடை என்று எழுதுங்கள். அப்புறம், இருபது வருஷமாக அங்கே வேலை பார்த்த தூய்மைப் பணியாளரையும், மேட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஆஸ்பத்திரிக் கழிவு எந்தப் பக்கம் கொட்டினார்கள், எந்த மூலையில் வருஷா வருஷம் தீப்பிடிக்கிறது, மழையில் தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு போகும் என்று அவர்கள் சொல்வது எந்த ஆலோசகரின் அறிக்கையிலும் இருக்காது.

கடைசியாக, ஒரே ஒரு வரைபடம். அதில் சுற்றிலும் அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறுகள், போர்வெல்கள், வீடுகள், பள்ளி, மேலே போகும் மின்கம்பி, தண்ணீர் வழிந்தோடும் திசை, கோடையில் காற்று வீசும் திசை. இனி எல்லா முடிவும் இந்தப் படத்தை வைத்துத்தான்.

படி 2: வாசலைக் கட்டுங்கள்

நுழைய ஒரே வழி. மற்ற எல்லாச் சந்துகளையும் மண் அணை போட்டோ பள்ளம் வெட்டியோ அடையுங்கள். எடைமேடை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வண்டி எண், நேரம், எங்கிருந்து வந்தது, என்ன சரக்கு என்று நோட்டில் எழுத ஒரு ஆள் போதும்.

ராத்திரிக் காவல் ரொம்ப முக்கியம், ஏனென்றால் வரக்கூடாதது எல்லாம் ராத்திரியில்தான் வரும். மருத்துவக் கழிவு, கோழிக்கடைக் கழிவு, தோல் துண்டு, சாயக் கழிவு, கழிவுநீர் டேங்கர். இதில் டேங்கரைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, திரவம்தானே ஊறிப் போய்விடும் என்கிறார்கள். ஊறத்தான் செய்யும், மேட்டின் வயிற்றுக்குள். மேடு சரிவதற்கு முக்கியக் காரணமே உள்ளே சேரும் தண்ணீர்தான். அதேபோல் ஹோட்டல், செங்கல் சூளைச் சாம்பலைச் சூடு ஆறாமல் வாங்காதீர்கள். பழைய பேட்டரி, செல்போன் சரக்கைத் தனியாக எடுத்து வையுங்கள். லித்தியம் பேட்டரி ஜேசிபி பக்கெட்டுக்குக் கீழே நசுங்கினால் தீப்பொறிதான்.

கட்டிட இடிபாடு வந்தால் மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள், ஒரு ஓரமாகத் தனியே கொட்டச் சொல்லுங்கள். உள்பாதை போடவும், குப்பையை மூடவும் அது தேவைப்படும்.

படி 3: கொட்டும் இடத்தைச் சுருக்குங்கள், தினமும் மூடுங்கள்

கட்டுப்பாடு இல்லாத கிடங்கை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? லாரி எங்கே நிற்கிறதோ அங்கே கொட்டியிருக்கும். ஐந்து ஏக்கரும் திறந்து கிடக்கும். இதை மாற்றுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய மாற்றம், செலவும் குறைவு.

இன்றைக்கு வரும் குப்பை ஒரு சின்னப் பகுதிக்குள் மட்டும் போகட்டும். கொடியோ, கலர் கம்போ நட்டுக் காட்டுங்கள். லாரி கீழே கொட்ட, டோசரோ ஜேசிபியோ அதை அரை மீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்பி, சாய்வில் கீழிருந்து மேலாக மூன்று நான்கு முறை ஏறி இறங்கி அமுக்க வேண்டும். மேலே நின்று விளிம்பிலிருந்து தள்ளிவிடுவதுதான் பெரும்பாலான இடத்தில் நடக்கிறது. அப்படித் தள்ளினால் குப்பை தளர்வாக, செங்குத்தாக நிற்கும், உள்ளே காற்று புகும். சரிவுக்கும் தீக்கும் ஒரே நேரத்தில் வழி செய்துகொடுத்த மாதிரி.

சாயங்காலம் வேலை முடியும்போது குறைந்தது 10 சென்டிமீட்டர் மண் அல்லது இடிபாட்டுத் தூள் போட்டு மூடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இருந்த அளவு இது. மழைக்காலத்துக்கு முன்னால் 40 முதல் 65 சென்டிமீட்டர் வரை இடைக்கால மூடாக்கு என்றும் அதே விதிகள் சொல்லின. ஈ, நாய், பருந்து, வாடை, பறக்கும் பிளாஸ்டிக், மேல்தீ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் புகாரில் பாதி இந்த ஒரு வேலையில் குறைந்துவிடும்.

மண்ணுக்கு எங்கே போவது என்பதுதான் அடுத்த கேள்வி. ஏரி, வாய்க்கால் தூர்வாரும் மண், சாலை வேலையில் வெட்டி எடுக்கும் மண், இடிபாட்டுத் தூள் எல்லாம் ஆகும். பொதுப்பணித் துறையிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் முன்கூட்டியே பேசி வைத்தால் அவர்களுக்கும் கொட்ட இடம் கிடைத்த நிம்மதி. சுத்தமான களிமண்ணைத் தினசரி மூடாக்குக்குப் போடாதீர்கள். உள்ளே தட்டுத் தட்டாகத் தண்ணீரைத் தேக்கி வைக்கும், பிறகு பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு வரும். போட்டிருந்தால் மறுநாள் காலை சுரண்டி எடுத்துவிட்டு மேற்கொண்டு கொட்டுங்கள்.

படி 4: சரிவு

குப்பை மேடு சரிந்து ஆட்கள் செத்த வரலாறு நீளமானது. மணிலா பக்கத்தில் பயாத்தாஸ், 2000 ஜூலை 10, தொடர்மழைக்குப் பின் சரிந்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் புதைந்தார்கள். இந்தோனேசியாவில் பண்டுங் அருகே லெயுவிகஜா, 2005 பிப்ரவரி 21, 143 பேர். டெல்லி காஜிப்பூரில் 2017 செப்டம்பர் 1 அன்று சரிந்த குப்பை சாலையில் போன வண்டிகளைக் கால்வாய்க்குள் தள்ளியது, இரண்டு பேர் இறந்தார்கள். நமக்கு ரொம்பப் பக்கத்தில், கொழும்பு மீதொட்டமுல்ல: 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கு, பண்டிகைக்காக எல்லோரும் வீட்டில் இருந்த நேரத்தில் மேடு வீடுகள் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

எல்லாவற்றிலும் காரணங்கள் திரும்பத் திரும்ப அதேதான். அளவுக்கு மீறிய உயரம், செங்குத்தான சாய்வு, உள்ளே ஊறிய தண்ணீர், அடிவாரத்தில் மனிதர்கள். லெயுவிகஜாவில் இன்னொன்றும் சேர்ந்தது: உள்ளே புகைந்துகொண்டிருந்த தீ, குப்பையைப் பிணைத்துப் பிடித்திருந்த பிளாஸ்டிக், துணி போன்றவற்றை அரித்துவிட்டிருந்தது. உள்தீயைத் தனியாகவும் சரிவைத் தனியாகவும் பார்க்கக்கூடாது என்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது: வெளிச்சாய்வை மூன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டு வாருங்கள், அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் அகலம். செங்குத்தாக நிற்கும் பக்கத்தை மேலிருந்து வெட்டிக் குறையுங்கள். அடிவாரத்தைத் தோண்டவே கூடாது. பயோமைனிங் ஒப்பந்தக்காரர் வசதியாக இருக்கிறது என்று கீழிருந்து வாரத் தொடங்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள், மேட்டைத் தாங்கி நிற்பதே அந்த அடிதான்.

கண்காணிப்புக்குக் கருவி வேண்டாம். மேல்விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒரு முளைக்குச்சி அடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை, மழையில் காலையும் மாலையும். தூரம் கூடிக்கொண்டே போனாலும், அடிவாரம் புடைத்தாலும், புதிதாக ஒரு இடத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறினாலும், நேராக நின்ற கம்பம் சாய்ந்தாலும் மேலே வண்டி ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் கீழே இருப்பவர்களை வெளியேற்றுங்கள். வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் போகாமல் மண்ணைப் போட்டு அடைத்துத் தார்ப்பாய் விரித்துவிடுங்கள். வீடுகள் அடிவாரத்தோடு ஒட்டியிருந்தால் மாற்றிடம் கொடுப்பதைத் தவிர வேறு தீர்வு கிடையாது. அதுவரைக்கும் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த மண்டபத்துக்கு அழைத்துப் போவது என்று தாசில்தாரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: தண்ணீர்

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். மேட்டில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. குப்பையைத் தொடாத மழைநீர், குப்பைக்குள் இறங்கி வந்த கசிவுநீர். முதலாவதை இரண்டாவதாக மாற விடாமல் தடுப்பது மலிவு. மாறிய பிறகு சுத்தம் செய்வது மகா செலவு.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி வாக்கில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது; அப்படி ஒரு நாளில் ஹெக்டேருக்கு 49 லட்சம் லிட்டர். இதைப் பிடித்து வைக்கத் தொட்டி கட்ட எந்தப் பேரூராட்சியாலும் முடியாது. ஆகவே மேட்டின் தலையில் தண்ணீர் நிற்காதபடி மூன்று முதல் ஐந்து சதவீதம் சரிவு கொடுத்து, மண் மூடாக்கு போட்டு, கிடங்கைவிட உயரமான பக்கத்து நிலத்திலிருந்து வரும் ஓட்டத்தைச் சுற்றுக் கால்வாய் வெட்டி வெளியே திருப்பிவிடுங்கள். இந்தக் கால்வாயில் போவது சுத்தமான தண்ணீர், நேராக ஓடைக்குப் போகலாம். பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டால் எல்லாம் வீண், அதனால் மழைக்கு முன் ஒருமுறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் ஒருமுறை தூர் எடுக்க வேண்டும்.

அடிவாரத்தை ஒட்டி உள்வட்டமாக இன்னொரு கால்வாய், இது கசிவுநீருக்கு. டிகாஷன் நிறத்தில், நுரையோடு, மூக்கைத் துளைக்கும் வாடையோடு வருவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டைக்குப் போகட்டும். விரிப்பு இல்லாத குட்டை நிலத்தடி நீருக்கு நாமே தோண்டிக் கொடுக்கும் குழாய். குட்டையைச் சுற்றி வேலியும், மழைக்கு முன் காலி செய்து வைக்கும் பழக்கமும் கட்டாயம்.

பிறகு அதை என்ன செய்வது? புதுக் குப்பையின் கசிவில் மக்கும் கரிமம் அதிகம், உயிரியல் முறையில் ஓரளவு சுத்தமாகும். பழைய மேட்டின் கசிவு வேறு ரகம்: மக்கக்கூடியது தீர்ந்திருக்கும், அம்மோனியாவும் உப்பும் மிச்சம் இருக்கும், சாதாரண உயிரியல் முறையில் மட்டும் அதை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. பக்கத்தில் பாதாளச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அவர்கள் ஒப்புக்கொள்ளும் சிறு விகிதத்தில் டேங்கரில் கொண்டுபோய் கலப்பதுதான் சிறு ஊர்களுக்கு நடைமுறையில் ஆகிற காரியம். ஆற்றிலோ ஓடையிலோ விட வேண்டுமென்றால் பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், சிஓடி (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250-க்குள் என்பது 2016 விதிகளில் இருந்த வரம்பு. ஆயிரக்கணக்கில் இருப்பதை இந்த அளவுக்கு இறக்குவது குட்டியாக ஒரு தொட்டி கட்டி முடிகிற வேலை இல்லை. கோடையில் கொஞ்சம் கசிவுநீரை மேட்டின் சமதளத்தில் தெளித்து ஆவியாக விடுவதுண்டு, தூசியும் அடங்கும். சரிவின் மேல் தெளிக்காதீர்கள், மழைக்காலத்தில் செய்யவே செய்யாதீர்கள்.

பள்ளிக்கரணையைப் பார்த்தால் இந்தப் படி ஏன் இவ்வளவு நீளம் என்று புரியும். பெருங்குடிக் கிடங்கு அந்தச் சதுப்பு நிலத்திலேயே வளர்ந்தது. தென்சென்னையின் மழைநீர் அந்தச் சதுப்பில் சேர்ந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலம் 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிடப்பட்ட சதுப்புக்கும் குப்பைக்கும் நடுவே இயற்கையான தடுப்பு எதுவும் இல்லை.

கிணற்றுச் சோதனை: தண்ணீர் ஓட்டத்துக்கு மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் குறைந்தது இரண்டு. மேல்பக்கத்தை விட்டுவிட்டால் கெட்டது கிடங்காலா, வேறு எதனாலா என்று நிரூபிக்கவே முடியாது. கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று வருஷத்துக்கு மூன்று தடவை மாதிரி எடுங்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பு முதலியவற்றின் மொத்த அளவு), குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட், சிஓடி, ஈயம், காட்மியம், குரோமியம் பார்த்தால் போதும். குளோரைடு மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடே ஓடும், அதனால் கசிவு வருவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். கீழ்க்கிணற்றில் மட்டும் அது ஏறிக்கொண்டே போனால் மற்றதற்குக் காத்திருக்காதீர்கள். அந்தத் தெருவுக்குக் குடிநீர் லாரியோ குழாயோ முதலில் கொடுங்கள், ஆய்வு அப்புறம் தொடரட்டும். கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் திருத்துங்கள், கொதிக்க வைத்தால் கிருமி போகும், உப்பும் உலோகமும் போகாது.

படி 6: தீ

இரண்டு விதமான தீ. மேல்தீ கண்ணுக்குத் தெரியும், சுடராக எரியும், யாரோ செம்புக்காகக் கேபிள் எரித்தது, பீடி, சூடான சாம்பல், சில இடங்களில் இடம் காலியாகட்டும் என்று வேண்டுமென்றே வைத்தது. உள்தீ அப்படியல்ல. மக்கும்போது வரும் சூடு வெளியேற முடியாமல் ஏறி, வெடிப்பு வழியாகக் காற்று கிடைத்ததும் சுடரில்லாமல் கனன்றுகொண்டே வாரக்கணக்கில் இருக்கும். தரை உள்வாங்கும், வெடிப்பில் புகை வரும், மழை பெய்த மறுநாள் காலை ஒரே இடத்தில் மட்டும் ஆவி பறக்கும், அங்கே மட்டும் செடி கருகியிருக்கும். வாயு மீட்டரில் கார்பன் மோனாக்சைடு 1,000 பிபிஎம்-ஐத் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை) தாண்டினால் உள்ளே எரிகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மேல்தீக்கு: எரிகிற பகுதியை ஜேசிபியால் மற்றதிலிருந்து பிரியுங்கள், சமதளத்தில் மெல்லிசாகப் பரப்புங்கள், நனையுங்கள், மண் போட்டு அமுக்குங்கள். இதற்காகவே கிடங்கின் இரண்டு மூலையில் மண் குவியல் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், அதைத் தினசரி மூடாக்குக்கு எடுக்க விடக்கூடாது. தீயணைப்பு வண்டி சுற்றி வர நான்கைந்து மீட்டர் அகலத்தில் உறுதியான பாதையும் தேவை. மேட்டைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் மண் பட்டைகள் இருந்தால் ஒரு மூலைத் தீ மறு மூலைக்குப் போகாது.

உள்தீயில்தான் தவறு நடக்கும். மேலே நின்று லட்சக்கணக்கில் தண்ணீர் அடித்தால் அது வழி கண்ட சந்துகளில் ஓடிக் கீழே கசிவுநீராக வெளியேறும், கனலைத் தொடவே தொடாது. அவசரப்பட்டுத் தோண்டினால் காற்று கிடைத்துச் சுடர்விடும். சின்னதாக இருந்தால் சுற்றிலும் மண்ணால் மூடி வெடிப்புகளை அடைத்து மூச்சை நிறுத்துங்கள், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பெரிதாகப் பரவியிருந்தால் சுற்றிப் பள்ளம் வெட்டி மண் நிரப்பித் தனிமைப்படுத்திவிட்டு, தண்ணீரும் மண்ணும் ஆளும் தயாராக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, எடுத்ததை அங்கேயே நனைத்து ஆற்றுங்கள். கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று பிடித்த தீ ஏறக்குறைய 12 நாள் நீடித்தது. கடைசியில் எக்ஸ்கவேட்டர்களால் குவியலைக் கிளறிக் கிளறி உள்ளே தண்ணீர் பாய்ச்சித்தான் அடக்கினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எரிந்த இடத்துக்கு மேலே நடக்கவோ வண்டி ஏற்றவோ கூடாது. உள்ளே வெந்து பொள்ளலாகியிருக்கும், வண்டியோடு உள்ளே போய்விடும்.

புகை பற்றி ஊருக்கு உண்மையைச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் எரிந்த புகையில் நுண்துகளும் டையாக்சின் வகை நச்சும் இருக்கும். என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்று வீசும் பக்கத்தில் இருக்கும் ஆஸ்துமாக்காரர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வயசானவர்களை முதல் நாளே வேறு இடத்துக்கு அனுப்புவது நல்லது.

படி 7: வாயு

மக்கும் குப்பையிலிருந்து வருவதில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். இஸ்தான்புல்லின் உம்ரானியே கிடங்கில் 1993-இல் நடந்த மீத்தேன் வெடிப்பு மேட்டையே சரித்து 39 பேரைக் கொன்றது.

சிறிய கிடங்குக்குத் துளையிட்ட பிவிசி குழாயைச் சுற்றி ஜல்லி நிரப்பி மேட்டுக்குள் இறக்கி, தரைக்கு மேல் ஆள் உயரத்துக்கு விட்டால் வாயு வெளியேற வழி கிடைக்கும். குழாய் பக்கத்தில் புகைப்பிடிக்கத் தடை என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். மேட்டை இறுக்கமாக மூடினால் மேலே போக முடியாத வாயு பக்கவாட்டில் பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்துக்கும் கிணற்றுக்கும் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மூடுவதற்கு முன் குழாய் போடுங்கள். பெரிய மேடாக இருந்தால் உறிஞ்சி எடுத்து எரித்துவிடும் அமைப்பு வேண்டும். அதற்குப் பணம் இல்லாத இடத்தில், நன்றாக மக்கிய உரத்தை மேல் மூடாக்கில் ஒரு அடுக்காகப் போடுவது உதவும். அதிலுள்ள பாக்டீரியா மீத்தேனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

கசிவுநீர்க் குழி, பழைய கிணறு, மூடிய தொட்டி எதிலும் ஆளை இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் வாடையே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்பதுதான் ஆளைக் கொல்லும் பேச்சு. மோட்டார், பம்பு எல்லாம் வெளியிலிருந்து.

படி 8: மேட்டில் பிழைக்கும் மனிதர்கள்

வேலி போட்ட மறுநாளே பொறுக்குபவர்களை விரட்டுவது வழக்கம். அவர்கள் போய்விட மாட்டார்கள், ராத்திரியில் வேலியை வெட்டிக்கொண்டு டார்ச்சோடு வருவார்கள், அது இன்னும் ஆபத்து. பெயரைப் பதிந்து அடையாள அட்டை கொடுங்கள், பூட்ஸ், கையுறை, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசி போடுங்கள். வண்டி கொட்டும் இடத்திலிருந்து தள்ளி ஒரு கூரை போட்டுப் பிரிக்கும் இடம் அமைத்துக் கொடுங்கள். ஜேசிபி பின்னால் வரும்போது அடியில் மாட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கக்கூடிய விபத்து, ஆகவே வண்டி ஓடும் நேரமும் ஆள் பொறுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கக்கூடாது. பயோமைனிங் வந்தால் முதல் வேலைவாய்ப்பு இவர்களுக்குத்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

படி 9: வருவதைக் குறையுங்கள்

இது எல்லோருக்கும் தெரிந்த பாடம், ஆகவே சுருக்கமாக. கிடங்கில் வாயு, கசிவு, ஈ, வாடை எல்லாவற்றுக்கும் மூலம் ஈரக் குப்பை. வீடுவீடாகப் பிரித்து வாங்குவது மெதுவாகத்தான் பழகும். அதற்குக் காத்திருக்காமல் காய்கறிச் சந்தை, ஹோட்டல், கல்யாண மண்டபம், இறைச்சிக் கடை, பூ மார்க்கெட் ஆகியவற்றை முதலில் பிடியுங்கள். கொஞ்சம் பேரோடு பேசினால் டன் கணக்கில் கிடைக்கும், பிளாஸ்டிக் கலப்பும் குறைவு. நுண் உரமாக்கும் மையமோ, சாண எரிவாயுக் கலனோ எது ஓடுகிறதோ அங்கே அனுப்புங்கள். "எது ஓடுகிறதோ" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பூட்டிக் கிடக்கும் மையங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

படி 10: அகற்றுவதா, மூடி வைப்பதா

இப்போதுதான் பயோமைனிங். மேட்டை மேலிருந்து அடுக்கு அடுக்காக எடுத்து, இரண்டு மீட்டர் உயர நீளக் குவியல்களாக அடுக்கி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரம் ஒரு முறை புரட்டி, ஈரமும் வாடையும் அடங்கியதும் சுழல் சல்லடையில் சலிப்பார்கள். மண் தனியாக, கல் தனியாக, எரியக்கூடிய பிளாஸ்டிக் துணி தனியாக வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தூர் தேவ்குராடியாவில் கிட்டத்தட்ட நூறு ஏக்கர் மேட்டை இப்படித்தான் அகற்றினார்கள்.

நம் ஊரில் இடிக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ஈரக் குப்பை சல்லடையில் ஒட்டிக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகையில் வேலை நடக்காது. பன்னிரண்டு மாதம் ஓடும் என்று போட்ட அட்டவணையை நம்பாதீர்கள். இரண்டு, எரியக்கூடிய பிளாஸ்டிக், துணிப் பகுதியை எரிபொருளாக வாங்க அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகள் மாதிரி ஆள் வேண்டும், லாரிக் கூலி யாருடையது என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் சலித்த பிளாஸ்டிக் இன்னொரு மேடாக நிற்கும், அது பழைய மேட்டைவிடச் சுலபமாகத் தீப்பிடிக்கும். மூன்று, சலித்த மண்ணை "உரம்" என்று விவசாயிகளுக்குக் கொடுப்பது. உப்பு, உலோகம், பிளாஸ்டிக் துணுக்கு சோதிக்காமல் வயலுக்குப் போகவே கூடாது. பள்ளம் நிரப்ப, கரை போட, தினசரி மூடாக்குக்கு அது தாராளமாக ஆகும்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். உள்ளே எவ்வளவு சலித்தார்கள் என்பதற்கு அல்ல, வெளியே போய்ச் சேர்ந்ததற்குப் பணம். ஒப்பந்தக்காரருடையது அல்லாத எடைமேடைச் சீட்டு, வாங்கியவர் கொடுத்த ரசீது, மாதாமாதம் ட்ரோன் அளவு, மூன்றும் ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாத மாதத்துக்குப் பில் நிற்கட்டும்.

மேடு ரொம்ப ஆழமாக, நிலையில்லாமல், பக்கத்தில் வீடுகளோடு இருந்தால் தோண்டுவதைவிட அடைத்து மூடுவது பாதுகாப்பு. தண்ணீர் இறங்காத களிமண் 60 சென்டிமீட்டர், அதன் மேல் வடிகால் அடுக்கு 15, செடி வளர மண் 45 என்பது 2016 விதிகளில் இருந்த அளவு. மூடிய பிறகும் குறைந்தது 15 வருஷம் வாயு, கசிவு, கிணறு, தரை அமுங்கல் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கான பணத்தை மூடும்போதே தனிக் கணக்கில் போட்டு வைத்தால்தான் நடக்கும். ஆழமாக வேர் விடும் மரம் நடாதீர்கள், களிமண் அடுக்கைப் பிளந்துவிடும். புல்லும் குத்துச்செடியும் போதும். மேலே சமுதாயக் கூடம் கட்டலாமா என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். தரை அமுங்கும், வாயு ஏறும், கூடாது.

எந்த மாதத்தில் எது

வடகிழக்குப் பருவமழை பெறும் மாவட்டங்களுக்கு: தை முதல் பங்குனி வரை சாய்வு திருத்துவது, பயோமைனிங், விரிப்புக் குட்டை கட்டுவது. மாசி முடிவதற்குள் தீப்பாதையும் மண் குவியலும் தயார். சித்திரை, வைகாசியில் ராத்திரி ரோந்து, தரைச் சூடு பார்ப்பது. ஆவணி, புரட்டாசியில் கால்வாய் தூர், தடித்த மூடாக்கு, கசிவுக் குட்டையைக் காலி செய்வது. ஐப்பசி முதல் மார்கழி வரை வெடிப்பு அளப்பது, கால்வாய் அடைப்பு எடுப்பது, கிணற்று மாதிரி. கோவை, நீலகிரி, கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அங்கே மழைக்கு முந்தைய வேலைகளை வைகாசிக்குள் ஒரு தடவை முடித்துவிட்டுப் புரட்டாசியில் மறுபடி பார்க்க வேண்டும்.

தினசரிப் பதிவேட்டில் ஒரு பக்கம் போதும்: வந்த வண்டி, திருப்பி அனுப்பிய வண்டி, எத்தனை லோடு மண் போட்டோம், புகை எங்கே, வெடிப்பு அளவு, குட்டையில் தண்ணீர் மட்டம், மழை அளவு, புகார். கீழே பொறுப்பாளரின் கையெழுத்து. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தாலும், புது கமிஷனர் மாறி வந்தாலும், ஒப்பந்தக்காரர் பில்லோடு வந்து நின்றாலும் முதலில் கேட்கப்படுவது இந்த நோட்டுதான். அதனால் கிடங்கில் ஒன்று, அலுவலகத்தில் வாரம் ஒரு முறை எடுத்த நகல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.